நடுவில் போன வண்டி

இதை நம்பும்படி யாரிடமும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான். காரில் எங்கே போனாலும் நின்ற இடம், நின்ற நேரம், ஓடிய தூரம் மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பது என் முப்பது வருடப் பழக்கம். கீழே வரும் நேரங்கள் எல்லாம் அந்த நோட்டில் இருப்பவை. ஞாபகத்திலிருந்து எழுதியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

என் பெயர் குசகாபே. வயது ஐம்பத்தெட்டு. ஹமமாட்சுவில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் 1971இல் செய்த ஒரு சின்னக் கார் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் ஆமை. முதுகும் அப்படி, வேகமும் அப்படி. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிற பழைய எஞ்சின். ஒரு ஆமையின் பின்னால் இன்னொரு ஆமை போனால் பின்னால் போகிறவனுக்கு மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் வரும். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கூட்டம் நாங்கள்.

செய்த கம்பெனி மூடி நாற்பது வருடமாகிறது. நாடு முழுக்க இன்னும் ஓடுகிற ஆமைகள் அறுபத்து மூன்று. எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு, அதற்கு நான் செயலாளர். பாதிப் பேருக்கு வயதாகிவிட்டதால் கூட்டத்துக்கு வர முடிவதில்லை. அதனால் இலையுதிர் காலத்தில் இரண்டு வாரம் நானே கிளம்பி அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஊறுகாயும் தேநீரும் தருவார்கள். ஷெட்டைத் திறந்து காட்டுவார்கள். ஒரு மணி நேரம் கார்புரேட்டரைப் பற்றிப் பேசுவோம். இரவில் ஏதாவது சாலையோர நிறுத்தத்தில் காரிலேயே தூங்குவேன். ஆமையில் கால் நீட்ட முடியாது.

அந்த வருடம் எனக்கு முதல் நாளே அலுத்துவிட்டது. போன வீடுகளில் மூன்றில் ஷெட் காலியாக இருந்தது. ஒரு வீட்டில் ஆளே இல்லை. கியோட்டோ பக்கத்து நண்பர் ஒருவருக்கு நான் யார் என்பது மறந்துவிட்டிருந்தது. ஆனால் காரின் பெயர் மறக்கவில்லை. வீட்டுக்குப் போன் செய்தபோது என் மனைவி சனாயே கேட்டாள்.

"இன்னும் எத்தனை பேரு?"

"பதினொண்ணு."

"இந்த வருஷத்தோட விட்டுடுங்க. குரலே சரியில்ல உங்களுக்கு."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஒன்பதாம் நாள், நவம்பர் 21. காலை 11.40. செண்டாயில் குராமோச்சி என்ற நண்பர் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். போன் வந்தது. பேசியது ஃபூமி அண்ணி, உபுகாதாவின் மனைவி.

உபுகாதாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அகிதா மலைப்பக்கத்தில் மரம் அறுக்கும் பட்டறை வைத்திருந்தவர். எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவரே அவர்தான். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மீட்டரு' என்பார். மூன்று வருடம் முன்பு நடந்த ஒரு கூட்டத்தில் அவர் கார் மூடியைத் திறந்து பார்த்த நான், எஞ்சின் எண் புதிதாக அடித்தது, இது போலி என்று நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வண்டியை வரிசையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன குளிர்காலத்தில்தான், அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் எனக்கு விவரம் சொன்னார். கடைசி நூறு வண்டிகளுக்கு எண் அடித்த அச்சு வேறு. உபுகாதாவின் வண்டி அந்த நூறில் ஒன்று. அது அசல். தப்பு என்னுடையது. இது தெரிந்தும் பத்து மாதம் நான் அவரிடம் போகவில்லை. நாளைக்கு எழுதலாம், அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். வெட்கம், வேறொன்றுமில்லை.

"இதய ஆபரேஷன் பண்ணாங்க. அதுக்கப்புறம் நிலைமை சரியில்ல. வர முடியுமா?" என்றார் ஃபூமி அண்ணி.

"அண்ணன் என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"திட்டினாரு."

"அப்படியா..."

"நேத்து பூரா திட்டினாரு. இன்னிக்கு அதுவும் இல்ல. அதான் பயமா இருக்கு."

11.55க்குக் கிளம்பினேன். அவர் கண் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். தப்பு என்னுடையது என்று அவர் காதில் விழச் சொல்ல வேண்டும். மற்ற எதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

மதியம் ஒரு சோற்று உருண்டை. வண்டி ஓட்டிக்கொண்டே தின்றேன். மழை. 4.35க்குப் பனிமூட்டம் என்று விரைவுச் சாலையை மூடிவிட்டார்கள். எல்லா வண்டிகளையும் கீழ்ச்சாலைக்கு இறக்கிவிட்டார்கள். 4.52க்கு மலையடிவாரத்தில் ஒரு தானியங்கிப் பெட்டியில் சூடான காப்பி டப்பா வாங்கினேன். இருட்டிவிட்டிருந்தது. கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் எரிந்தது. ஒரு மணி நேரம் தூங்கலாமா என்று யோசித்தேன். அண்ணி குரல் ஞாபகம் வந்தது. கிளம்பினேன்.

5.03. சாலை இரண்டாகப் பிரிகிற இடம். நேரே போனால் புதிய சாலை, இடது பக்கம் பழைய மலைப்பாதை. நேரே போகத்தான் நினைத்தேன்.

அப்போது முன்னால் ஒரு காரின் பின்விளக்குகள் தெரிந்தன.

வட்டமாக, சின்னதாக, பக்கத்துக்கு இரண்டு. நடுவில் கொஞ்சம் பெரிய இடைவெளி. கனவிலும் எனக்குத் தெரியும் அந்த விளக்கு. அது ஒரு ஆமை. அதுவும் ஆரம்ப வருட வண்டி, நாட்டில் நான்கைந்துதான் இருக்கிறது. அது இடது பக்கம் திரும்பியது.

நானும் திரும்பினேன்.

வேறு யாராக இருந்தாலும் புதிய சாலையில் போயிருப்பார்கள். வழிப்பலகை இருந்தது, வெளிச்சம் இருந்தது. ஒரு பின்விளக்கைப் பார்த்துவிட்டுப் பாதையை மாற்றுகிற புத்தி எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும். திரும்புகிற இடத்தில் தடுப்புக் கட்டை ஒன்று ஓரமாக நகர்த்தப்பட்டுக் கிடந்தது. பார்த்தேன். முன்னால் ஒருவன் போகிறானே, பாதை சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முன்னால் போன வண்டி அபாய விளக்கை இரண்டு தடவை மினுக்கியது. எங்கள் ஊரில் அது நன்றி சொல்வது. வழி விட்டதற்கு, பின்னால் சேர்ந்துகொண்டதற்கு. எனக்கு மனம் இளகிவிட்டது. ஒன்பது நாளில் சாலையில் நான் பார்த்த முதல் ஆமை அது. பதிலுக்கு முன்விளக்கை ஒரு தடவை அணைத்துப் போட்டேன்.

மலை ஏற ஆரம்பித்தோம். பனி இறங்கியது. முன்னால் இருக்கும் நான்கு சிவப்புப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. அவன் பிரேக் போட்டால் நானும் போட்டேன். அவன் திரும்பினால் நானும் திரும்பினேன். சுகமாக இருந்தது. யோசிக்க வேண்டியதே இல்லை.

5.11. ஏதோ குறைகிறதே என்று தோன்றியது.

வாசனை.

பதினைந்தடி பின்னால்தான் போகிறேன். காற்றுத் துவாரம் திறந்திருக்கிறது. ஆயில் புகை மூக்கை எரிக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. ஈரமும் அழுகிய இலையும்தான் மணத்தன. மழையில் அமுங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

ரேடியோவை நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு எஞ்சின் சத்தம்தான் கேட்டது. என்னுடையது.

5.16. முன்வண்டியின் பின்கண்ணாடி உள்ளே ஆவி படிந்து வெளுத்திருந்தது. என் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. அதில் ஒரு வட்டம் துடைபட்டது. உள்ளேயிருந்து... கையால் துடைப்பதுபோல.

மறுபடியும் ஆவி படிந்தது.

மறுபடியும் துடைபட்டது.

ஓட்டுகிறவன் கை அவ்வளவு தூரம் எட்டாது. பின்சீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அந்த வட்டத்துக்குப் பின்னால் முகம் எதுவும் இல்லை. இருட்டுதான்.

நின்றுவிடலாமா என்று நினைத்தேன். பாதை ஒற்றை வண்டி அகலம். திருப்ப இடமில்லை. சரி, இறக்கம் வரட்டும் என்று தொடர்ந்தேன்.

5.21.

என் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தது.

பின்னால் ஒரு வண்டி. எப்போது வந்தது, எங்கிருந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. பக்கப் பாதை எதுவும் நான் பார்க்கவில்லை. தாழ்வான இரண்டு வட்ட விளக்குகள். இடது விளக்கு வெள்ளை. வலது விளக்கு மஞ்சள்.

கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி பார்த்தேன்.

வலது பக்கம் மட்டும் பழைய மஞ்சள் பல்ப் போட்ட ஆமை ஒன்றே ஒன்றுதான். இருபது வருடம் நான் அதைக் கேலி செய்திருக்கிறேன். "ஒரு கண்ணு மஞ்சக்காமாலையா அண்ணே?" என்று கேட்பேன். "அது உன்னைப் பாக்குற கண்ணுடா மீட்டரு" என்பார்.

உபுகாதாவின் வண்டி.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட்டமாகப் போகும்போது வழி தெரிந்தவன் தலை வண்டி. நிதானமானவன் வால் வண்டி. வண்டி சரியில்லாதவனையும் களைத்துப் போனவனையும் நடுவில் விடுவோம். நடுவில் இருப்பவன் வழி பார்க்க வேண்டாம், யோசிக்க வேண்டாம். முன்னால் இருக்கும் சிவப்பைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். மற்றதை முன்னால் இருப்பவனும் பின்னால் இருப்பவனும் பார்த்துக்கொள்வார்கள்.

சங்கத்தில் எப்போதும் வால் வண்டி உபுகாதாதான்.

நான் நடுவில் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மனிதர் எப்படி வண்டி ஓட்டுவார்? யோசித்துப் பார்த்தேன். யோசனை ஓடவில்லை. கண் சொருகியது. பயம் ஒரு பக்கம், தூக்கம் ஒரு பக்கம். அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு... அப்படியே போய்க்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

5.24. முன்வண்டி வேகம் எடுத்தது.

என் காலும் தானாக அழுத்தியது.

வலது வளைவு. இடது வளைவு. நேர்ப்பாதை.

கீழே எங்கோ தண்ணீர் இரைச்சல்.

பின்னால் வெளிச்சம் பளிச்சென்று ஏறியது.

ஒரு தடவை.

இரண்டு தடவை.

மூன்று தடவை.

வால் வண்டி மூன்று தடவை வெளிச்சத்தைத் தூக்கினால் எங்களுக்கு ஒரே அர்த்தம். ஒதுங்கு. உடனே ஒதுங்கு.

இடது பக்கம் மண்மேடு ஓரமாக ஒரு சின்ன ஒதுக்கிடம் தெரிந்தது.

ஸ்டீயரிங்கை ஒடித்தேன்.

சக்கரம் வழுக்கி, சேற்றில் இழுபட்டு, நின்றது.

5.26.

மஞ்சள் கண் என் பக்கமாகக் கடந்து போனது. சத்தமில்லை. காற்றுகூட அசையவில்லை. உள்ளே யார் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வண்டிகளின் சிவப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நேரே போய்ப் பனியில் கரைந்தன.

ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மூடிய இமைமேல் ஒரு வெளிச்சம் ஊர்ந்தது. முன்னாலிருந்து வந்து... பக்கமாக நகர்ந்து... பின்னால் போய் மறைந்தது.

நிமிர்ந்தேன். யாரும் இல்லை. 5.27.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நாற்பத்திரண்டு அடி நடந்தேன். அதற்குமேல் பாதை இல்லை. ஆகஸ்ட் வெள்ளத்தில் பாலம் போய்விட்டிருந்தது. உடைந்த கான்கிரீட்டில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கீழே ஆறு. டார்ச் வெளிச்சம் தண்ணீரைத் தொடவே இல்லை.

பின்னோக்கியே வண்டியை எடுத்து, இடம் கிடைத்த இடத்தில் திருப்பி, புதிய சாலை வழியாக ஊர் போய்ச் சேர்ந்தபோது இரவு 8.10. பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது, உள்ளே விடவில்லை. ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்திலேயே தூங்கினேன். அவ்வளவு நடந்த பிறகும் தூக்கம் வந்ததுதான் எனக்கு இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை 10.05. வராந்தாவில் ஃபூமி அண்ணி உட்கார்ந்திருந்தார். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம் போயிட்டாருன்னே நினைச்சோம். இதயம் நின்னுடுச்சு. ஆறு நிமிஷம்."

"எத்தனை மணிக்கு அண்ணி?"

"அஞ்சு இருபத்தொண்ணு. அந்தக் கடிகாரத்தையேதான் பாத்துட்டு நின்னேன். இருபத்தேழுக்குத் திரும்பி வந்துட்டாரு. டாக்டருக்கே ஆச்சரியம்."

நோட்டை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

"அண்ணன் வண்டி எங்க இருக்கு?" என்றேன்.

"ஷெட்லதான். அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் சக்கரத்தைக் கழட்டி வச்சுட்டாரு. மூணு வருஷமா தொடவே இல்ல."

உள்ளே போனேன். உபுகாதா மெலிந்து, தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"குசகாபே, வா. உக்காரு."

உட்காரவில்லை. தலை தாழ்த்தி நின்று, பத்து மாதமாக மனதில் உருட்டி வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி நூறு வண்டி, வேறு அச்சு, என் அவசரப் புத்தி, என் கோழைத்தனம்.

"அது போகட்டும். சின்ன விஷயம்," என்றார்.

"சின்ன விஷயமா அண்ணே?"

"வண்டிதானே."

என் புத்தாண்டு வாழ்த்து அட்டைகளை மூன்று வருடமும் பிரிக்காமலே திருப்பி அனுப்பியவர் அவர். கதவுக் கைப்பிடியில் ஒரு கீறல் விழுந்ததற்குச் சொந்த மச்சானோடு பேச்சை நிறுத்தியவர். ஆனால் எனக்கு அதெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை. பெரிய பாரம் இறங்கியது. நின்ற இடத்திலேயே அழுதேன்.

"நேத்து ரொம்பக் களைச்சுப் போயிருந்தியே," என்றார்.

"நேத்தா?"

"நீ ஒதுங்கினதைக் கண்ணாடியில பாத்தேன்."

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

வராந்தாவுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. நான் ஒதுங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. அதோடு, பின்னால் வருகிறவன் முன்னால் ஒதுங்குகிறவனைக் கண்ணாடியில் பார்க்க மாட்டான். நேராகத்தான் பார்ப்பான். கண்ணாடியில் பார்ப்பவன் முன்னால் போகிறவன்... நோயாளி ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அதைக் கிளறிப் பார்க்க எனக்கு மனமில்லை.

உபுகாதா பிழைத்துக்கொண்டார். சக்கரங்களைத் திரும்ப மாட்டினார். மே மாதக் கூட்டத்துக்கு வண்டியோடு வந்தார். நாற்பது பேர் முன்னால் மைக்கைப் பிடித்து நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து தலை தாழ்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஃபூமி அண்ணி மட்டும் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"ரொம்ப நல்லவரா ஆயிட்டாரு."

"நல்லதுதானே அண்ணி?"

"நல்லதுதான். முப்பத்தெட்டு வருஷம் சண்டை போட்டுப் பழகிட்டேன் இல்லையா? ராத்திரி எழுந்து அவர் முகத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். ஏன்னு தெரியல."

மறுநாள் நானும் உபுகாதாவும் இரண்டு வண்டியில் அவர் ஊருக்குக் கிளம்பினோம். அண்ணி ரயிலில் போய்விட்டார். பிற்பகல் 2.20க்கு அந்த மலையடிவாரத்தில் சாலையோரக் கடைகள் இருக்கும் நிறுத்தத்தில் நின்றோம். உபுகாதா உள்ளே நூடுல்ஸ் சாப்பிடப் போனார். நான் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். சாலைப் பராமரிப்புக்காரர் ஒருவர், ஆரஞ்சு மேலாடை போட்ட தடித்த மனிதர், வண்டியைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏன் சார், போன நவம்பர்ல அந்த ஒடஞ்ச பாலத்துகிட்ட விளையாடினது நீங்கதானா?"

"நான்..."

"இந்த மாதிரி ஒல்லி டயர் இப்ப எவன் போடுறான்? ஆறு மாசமா தேடுறேன் உங்களை. தடுப்பை நகர்த்திட்டு மூணு வண்டி போயிருக்கீங்க. எங்களை ரெண்டு நாள் ஆத்துல இறக்கி விட்டீங்க. தெரியுமா?"

"ஆத்துலயா? எதுக்கு?"

அவர் போனை எடுத்து நீட்டினார். மறுநாள் காலையில் எடுத்த படங்கள். வெள்ளம் விட்டுப்போன வண்டல் பாதை முழுக்க மாவுபோல் படிந்திருந்தது. அதில் தடங்கள் அச்சடித்ததுபோல் தெரிந்தன.

"இது ஓரமா ஒதுங்கினது. உங்களதுதானே? பக்கத்துல செருப்புத் தடமும் இருக்கு. இந்த ரெண்டு பாருங்க, நேரா விளிம்பு வரைக்கும் போயிருக்கு. ஒண்ணுதான் திரும்பி வந்திருக்கு. அப்ப இன்னொருத்தன் எங்க? ரெண்டு நாள் கம்பு போட்டுத் துழாவினோம். வண்டியும் இல்ல, ஆளும் இல்ல."

திரும்பி வந்தவர் உபுகாதா, அந்த ஆறாவது நிமிடத்தில் அவர்தான் திரும்பினார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"பின்னால போனவருதானே திரும்பினாரு?" என்றேன்.

"இல்ல சார். நல்லாப் பாருங்க." அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். "அடியில இருக்கிற தடம் நேர்க்கோடு போட்ட டயர். அது முதல்ல போனது. அது மேல ஏறியிருக்கு பாருங்க, கட்டம் போட்ட டயர். அது பின்னால போனது. திரும்பி வந்திருக்கிறது நேர்க்கோடு."

"அப்படின்னா..."

"முன்னால போனவன் வந்துட்டான். பின்னால போனவன் வரல."

கடைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் உபுகாதா சாப்பிட்டு முடித்துவிட்டுக் கிண்ணத்தை ஒழுங்காக ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

மூன்று தடவை வெளிச்சத்தைத் தூக்கி என்னை ஒதுக்கிவிட்டவர், கடைசி வரை என்மேல் கோபமாக இருந்தவர். அவரிடம் நான் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. நாற்பது பேர் முன்னால் நான் அதை வேறு யாரிடமோ சொல்லியிருக்கிறேன். அந்த யாரோ என்னை மன்னித்தும்விட்டார்.